எளிய உயிரிகளின் உலகங்களும் காவிரிப் படுகை நெல் வயல்களும்

மொனிரா, புரோடிஸ்டா, பூஞ்சை ஆகியவை ஐந்துலக வகைப்பாட்டில் எளிய உயிரிகளைக் கொண்ட மூன்று உலகங்கள் ஆகும். இவற்றுள் பல நெடுங்காலம் தாவரங்களாகவே கருதப்பட்டன. நாகூர் முதல் தஞ்சாவூர் வரையிலான நெல் வயல்களில் இம்மூன்று உலகங்களின் உயிரிகளும் வாழ்கின்றன.

இரண்டிலிருந்து ஐந்து

1735இல் லின்னேயஸ் உயிரினங்களைத் தாவரம், விலங்கு என இரு உலகங்களாகப் பிரித்தார். பாசிகளும் பூஞ்சைகளும் தாவரங்களோடு வைக்கப்பட்டன. 1866இல் எர்னஸ்ட் ஹெக்கல் புரோடிஸ்டா என்னும் மூன்றாம் உலகத்தை முன்மொழிந்தார். 1938இல் ஹெர்பர்ட் கோப்லாண்ட், பாக்டீரியாக்களையும் நீலப்பச்சைப் பாசிகளையும் மொனிரா என்னும் தனி உலகமாக்கினார். 1969இல் விட்டேக்கர் பூஞ்சைகளையும் தாவரங்களிலிருந்து பிரித்து ஐந்துலக வகைப்பாட்டை வெளியிட்டார்.

மொனிரா

இவ்வுயிரிகளின் செல்லில் சவ்வால் சூழப்பட்ட உட்கரு இல்லை. நீலப்பச்சைப் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்பவை. அவற்றுள் பல, காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன. நெல் வயல்களில் இப்பணியில் இவற்றுக்கு முக்கியப் பங்குண்டு என்பதை 1939இல் பி. கே. டே விளக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி இவற்றைப் பற்றி எழுதிய பெருநூல், 1959இல் 'சயனோபைட்டா' என்னும் பெயரில் வெளிவந்தது. 'பைட்டா' என்பது தாவரத்தைக் குறிக்கும் ஈறு. இன்று இவை சயனோபாக்டீரியா என அழைக்கப்படுகின்றன.

புரோடிஸ்டா

இவற்றுக்கு உட்கரு உண்டு. பெரும்பாலானவை ஒருசெல் உயிரிகள். வயல் நீரில் வாழும் டயாட்டம்களின் செல்சுவர் சிலிக்காவால் ஆனது. யூக்ளினா ஒளியில் தானே உணவு தயாரிக்கும். நீளிழையால் நீந்தவும் செய்யும். எனவே அதைத் தாவரமா விலங்கா என்று வகுப்பது கடினமாயிற்று.

பூஞ்சை

பூஞ்சைகளுக்குப் பச்சையம் இல்லை. செல்சுவரில் கைட்டின் உள்ளது. உணவை வெளியிலேயே செரித்து உறிஞ்சிக்கொள்கின்றன. 1919இல் தஞ்சாவூர் டெல்டாவில் நெல்லின் குலை நோய் பெரிதாகப் பரவியது. அதற்குக் காரணம் காற்றில் பரவும் வித்துகளையுடைய ஒரு பூஞ்சை. அன்று வழக்கிலிருந்த வகைப்பாட்டில் நோய் தந்த பூஞ்சையும் நோயுற்ற நெல்லும் ஒரே தாவர உலகைச் சேர்ந்தவை. நாகூரும் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இருந்தது.

பிற்கால மாற்றம்

1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் மொனிராவுக்குள் ஆர்க்கியா என்னும் வேறொரு பிரிவு இருப்பதை மரபணுச் சான்றால் காட்டினர். உப்பளங்களின் செறிந்த உப்புநீரைச் சிவக்கச் செய்யும் உயிரிகளுள் ஆர்க்கியாவும் அடங்கும். 1990இல் மொனிரா பாக்டீரியா, ஆர்க்கியா என இரு பேருலகங்களாகப் பிரிக்கப்பட்டது. நெல்லுக்கு உரமிடும் நீலப்பச்சைப் பாசி பாக்டீரியாக்களோடு சேர்ந்தது. நெல்லை அழிக்கும் பூஞ்சையோ மரபுவழியில் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியது என்று பின்னர் அறியப்பட்டது.