பெயரும் இடமும்: ஆள்களப் பெயரின் வரலாறு

இணையத்திற் பெயர் வேறு, இடம் வேறு. வலைத்தளத்தின் பக்கங்கள் வழங்கி என்னும் கணினியிலே தங்குகின்றன. அவ்விடத்தை வாடகைக்கு அளித்தல் ஒரு தொழில். அவ்விடத்தின் முகவரியோ எண்களாலானது. எண்களை மனத்திற் கொள்ளல் அரிதாகலின் பெயர்கள் வேண்டப்பட்டன.

1969 இல் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய ஆர்பாநெற் வலையின் பெயர்ப் பட்டியலை, ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பெயின்லர் அம்மையாரின் குழுவினர் பேணினர். ஏனைய நிலையங்கள் அதனைப் படியெடுத்தன. கணினிகள் பெருகவே அவ்வொரு பட்டியல் போதாதாயிற்று. 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த முறை அப்பொறுப்பைப் பகிர்ந்தளித்தது: உச்சியிலுள்ள வழங்கி அடுத்த நிலையிலுள்ளதைச் சுட்டும், அது தன் கீழுள்ள பெயர்களுக்கு விடை கூறும்.

1985 மார்ச்சு 15 இல் 'சிம்பொலிக்ஸ்.கொம்' பதிவாயிற்று, 'கொம்' என முடியும் பெயர்களுள் அதுவே முதலாவது. 1995 முதல் பதிவுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. எனவே பெயர் குத்தகைப் பொருளேயன்றி உடைமையன்று. தவணை தவறின் பிறர்கைப்படும். இடத்தை மாற்றினும் பெயர் நிலைக்கும். பெயரை இழந்தாலோ, இடமிருந்தும் வழியில்லை.

தொடக்கத்தில் உரோமன் எழுத்துகளே ஏற்கப்பட்டன. 2010 இல் '.இலங்கை' என்னும் தமிழ் ஈறு இடம்பெற்றது. முழுப்பெயரையும் தமிழெழுத்தாற் பதியும் உரிமை இவ்வாறு எய்தியது. அதனைப் பயன்கொள்ளல் தமிழ் நிறுவனங்களின் கடனாகும்.