மாம்புரிக் கரையும் பிறநாட்டு முதலும்

கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோர ஊர் மாம்புரி. மீன்பிடியும் மணற்றரையில் விளையும் மரக்கறியும் அப்பகுதியாரின் தொழில்கள். அயலிலுள்ள நுரைச்சோலையில் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனால் எழுந்த அனல்மின் நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கிற்று. அதன் முழு வலு 900 மெகாவாட். கடன் திருப்பற்பாலதே, எனினும் நிலத்தில் ஊன்றிய அம்முதல் ஓரிரவில் எழுந்து சென்றுவிடாது. பழுதுற்றாலும் (பன்முறை பழுதுற்றதுண்டு) கரையிலேயே நிற்கும்.

முறிகளின் வழி வந்த முதலோ வேறு இயல்பினது. 2006இல் இலங்கையின் திறைசேரி முறிகள் பிறநாட்டார்க்குத் திறந்துவிடப்பட்டன. 2007இல் முதலாவது சர்வதேச முறி 50 கோடி டொலருக்கு வெளியாயிற்று. மறு ஆண்டே அமெரிக்க வங்கிகள் தளர, பிறநாட்டார் தம் பணத்தை மீட்டனர். செலாவணிக் கையிருப்பு கரைந்தது. 2009இல் சர்வதேச நாணய நிதியத்தை நாட நேர்ந்தது. அவ்வனுபவம் விரைவில் மறக்கப்பட்டமை வியப்பிற்குரியது. முறிகள் மேன்மேலும் விற்கப்பட்டன. கடன் டொலரில், அதைத் தீர்க்கவேண்டிய வரியோ ரூபாவில். 2019இன் இறுதியில் அவ்வரியும் குறைக்கப்பட்டது. பெருந்தொற்றால் சுற்றுலா வருவாய் வீழவே, கடன் கொடுப்போர் கதவடைத்தனர். 2022 ஏப்ரில் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் நிறுத்தப்பட்டது.

ரூபா வீழ்ந்ததும் மானியம் விலக்கப்பட்டதும் ஒருங்கு சேர, அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கரையோரச் சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயாலேயே ஓடுவன. திறைசேரி முறியைக் கண்ணாலும் கண்டிராத மீனவன் அதன் விலையைக் கடலுக்குப் புறப்படுமுன்னரே செலுத்தவேண்டியவனானான்.