கணினித் தமிழ்க் குறியேற்ற வரலாறு: நிறுவனத் தரப்பாடுகளும் அரசின் கொள்கையும்

முன்னுரை

ஓலை, கல், தாள் ஆகிய எழுதுபொருள்கள் மாறியபோதெல்லாம் தமிழ் எழுத்து அவற்றிற்கேற்பத் தன் வடிவை மாற்றிக்கொண்டுள்ளது. ஓலையில் இடாது விடப்பட்ட புள்ளி அச்சில் நிலைபெற்றதும், ஈழத்திலும் தமிழகத்திலும் வார்க்கப்பட்ட ஈய அச்சுகள் வரிவடிவத்தைச் செம்மையாக்கியதும் எழுத்தியல் வரலாறு கூறும் செய்திகளாகும். அம்மாற்றங்களை முடிவு செய்தவர்கள் எழுதுவோரும் அச்சிடுவோருமே ஆவர். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டபோதும் அம்முடிவு தமிழ் பேசும் நிலத்திலேயே எடுக்கப்பட்டது. கணினி வந்தபின் நிலைமை மாறியது. எழுத்தின் இருப்பிடத்தை வரையறுக்கும் உரிமை முதன்முறையாகப் பன்னாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பிடமும் நடுவண் அரசின் தொழில்நுட்பத் துறையிடமும் சென்று சேர்ந்தது. இம்மாற்றம் நிகழ்ந்த முறையையும் அதன் விளைவுகளையும் வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஸ்கி தரப்பாடும் நடுவண் அரசும்

கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். எந்த எழுத்திற்கு எந்த எண் என்பதை வகுப்பதே குறியேற்றம். இந்திய மொழிகளுக்கான குறியேற்றத்தை நடுவண் அரசின் மின்னணுத் துறை 1988இல் வெளியிட்டது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் அதனைத் திருத்தி, இஸ்கி என்னும் பெயரில் நாட்டுத் தரப்பாடாக ஏற்றது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் அனைத்தும் ஒரே ஒலி அடைவைக் கொண்டவை என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும். அந்த அடைவு தேவநாகரியை அளவுகோலாகக் கொண்டு அமைந்தது. ஒரு மொழியில் எழுதியதை மற்றொரு மொழி எழுத்தில் உடனே காண இயலும் என்பது இதன் பயனாகக் கருதப்பட்டது.

வல்லின வருக்கத்திற்கு நான்கு எழுத்துகள் உள்ள மொழிகளுக்கு இவ்வடைவு பொருந்தியது. ஒவ்வொரு வருக்கத்திற்கும் ஒரே எழுத்தைக் கொண்ட தமிழுக்கு அது வெற்றிடங்கள் நிறைந்த கட்டமாக அமைந்தது. தமிழ் நெடுங்கணக்கு முறை இதில் கருதப்படவில்லை.

ஒருங்குறியில் தமிழின் இடம்

யூனிக்கோடு எனப்படும் ஒருங்குறிக் கூட்டமைப்பு 1991 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பதிவு பெற்றது. ஐ.பி.எம்., ஆப்பிள், மைக்ரோசாப்டு முதலிய நிறுவனங்கள் இதன் உறுப்பினராக விளங்கின. உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே குறியேற்றம் என்னும் இதன் குறிக்கோள் பெரிது, பயனும் பெரிது. ஆயினும் இந்திய எழுத்துகளைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டு வெளிவந்த இஸ்கி அட்டவணையே அடித்தளமாகக் கொள்ளப்பட்டது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது.

அக்கட்டத்தை இலக்கண நோக்கில் காண்போர்க்குச் சில செய்திகள் புலப்படும். ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாக உள்ளன. ஞகரத்திற்கு முன்னர் ஜகரம் நிற்கின்றது. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும் வந்து, அவற்றின் பின்னரே வகரம் வருகின்றது. ஆய்தம் அகரத்திற்கும் முன்னே இடம்பெற்று, வடமொழி விசர்க்கத்தின் பெயரால் குறிக்கப்படுகின்றது. புள்ளி, விராமம் என்னும் பெயரைப் பெற்றுள்ளது. எனவே குறியெண்களை மட்டும் கொண்டு சொற்களை வரிசைப்படுத்தினால் அகராதி முறை சிதையும். அதனைச் சரிசெய்யத் தனி விதிகள் தேவைப்படுகின்றன. எழுத்துகளின் பெயரும் இடமும் ஒருமுறை வெளியிடப்பட்டபின் மாற்றப்படா என்பது கூட்டமைப்பின் நிலைத்தன்மைக் கொள்கை. ஆகவே இப்பிழைகள் அறியப்பட்ட பின்னரும் திருத்தத்திற்கு உரியனவாக இல்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது தமிழிலக்கணம். ஒருங்குறியோ ககரத்தோடு புள்ளியைச் சேர்த்து மெய்யெழுத்தைப் பெறுகின்றது. இது தமிழ் மரபுக்கு முரண் என்பர் ஆய்வாளர் சிலர். ஆனால் புள்ளி பெறுதல் மெய்யின் இயல்பு என்றும், புள்ளி நீங்கிய வடிவமே அகரத்தோடு இயையும் என்றும் தொல்காப்பியமே எழுத்தின் வடிவைப் பற்றிக் கூறுகின்றது. ஒலி நிலையில் மெய் முதன்மை பெற, வரிவடிவ நிலையில் புள்ளியில்லா எழுத்து முதன்மை பெறுகின்றது. எனவே ஒருங்குறியின் குறை புள்ளியைக் கையாண்ட முறையில் இல்லை. வரிசையையும் பெயரையும் தமிழறிஞரைக் கலவாது வகுத்ததிலேயே உள்ளது எனலாம்.

தன்னார்வலர் முயற்சியும் தரப்பாட்டுப் பிளவும்

ஒருங்குறி அட்டவணை 1991இலேயே வெளிவந்த போதிலும் தமிழர் அதனைப் பயன்படுத்த வழியில்லை. அட்டவணையை இயங்குதளம் ஏற்றால்தான் எழுத்து திரையில் தோன்றும். மைக்ரோசாப்டு நிறுவனம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட விண்டோஸ் 2000 பதிப்பில்தான் தமிழுக்கு இடமளித்தது. அதற்கடுத்த எக்ஸ்பி பதிப்பிலும் பயனர் தாமே அமைப்பை மாற்றி, நிறுவல் குறுந்தகட்டைக் கொண்டு தமிழை இயக்க வேண்டியிருந்தது. தமிழ் ஒரு சிறு சந்தையாகவே நிறுவனங்களால் மதிக்கப்பட்டது என்பதை இக்காலத்தாழ்வு காட்டுகின்றது.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் புலம்பெயர்ந்த தமிழரும் தன்னார்வலரும் ஆவர். கனடாவில் கி. சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. எட்டு பிட்டுக் குறியேற்றத்தில் ஆங்கிலத்திற்குரிய பாதி போக எஞ்சியவை 128 இடங்களே. 247 எழுத்துகளை அவற்றுள் அடக்க இயலாமையால், வரிவடிவத் துண்டுகளே குறியிடங்களில் வைக்கப்பட்டன. எந்தத் துண்டு எங்கே என்பதை ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் தம் விருப்பப்படி வகுத்தனர். ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடல்கள் வாயிலாகத் திஸ்கி என்னும் தரப்பாடு உருவாயிற்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் இலக்கியங்களை மின்பதிப்பாக வழங்கியது. ஆனால் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் வேறு இரு தரப்பாடுகளை ஏற்றது. மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான முயற்சியில் உருவான தமிழ் 99 விசைப்பலகை அம்மாநாட்டின் நிலைத்த பயனாகும். குறியேற்றத்திலோ இணையத் தமிழ் திஸ்கியிலும் அரசுத் தமிழ் டாப்பிலுமாகப் பிரிந்து நின்றன. 2005 ஏப்ரலில் நடுவண் அரசு இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை வழங்கியபோதும் இப்பிளவு முற்றாக நீங்கவில்லை.

இதன் இழப்பைத் தமிழாய்வு இன்றும் சுமக்கின்றது. ஏறத்தாழ 1990 முதல் 2010 வரை தட்டச்சான ஆய்வேடுகளும் நூல்களும் இதழ்களும் அலுவலகக் கோப்புகளும் பல்வேறு எட்டு பிட்டு எழுத்துருக்களில் உள்ளன. அவ்வெழுத்துரு கிட்டாதவிடத்து அவை படிக்கவோ தேடவோ இயலாதன. பக்கம் அமைக்கப் பதிப்பாளர் கையாண்ட பேஜ்மேக்கர் மென்பொருள் ஒருங்குறித் தமிழை ஏற்காமையால், ஒருங்குறி பரவிய பின்னரும் அச்சுலகம் பழைய எழுத்துருக்களையே தொடர்ந்தது. நூறாண்டுக்கு முந்தைய அச்சுநூலை இன்று எளிதாகப் படிக்க இயலுகின்றது. இருபதாண்டுக்கு முந்தைய கணினிக் கோப்பைப் படிக்க மாற்றிகளைத் தேட வேண்டியுள்ளது.

அனைத்தெழுத்துக் குறியேற்றக் கோரிக்கை

உயிர், மெய், உயிர்மெய் அனைத்திற்கும் தனித்தனி இடம் வேண்டும் என்னும் கோரிக்கை 2000க்குப் பின் வலுப்பெற்றது. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஒருங்குறியில் ஐந்து குறியிடங்களைக் கொள்கின்றது; இணையத்தில் வழங்கும் யு.டி.எப்-8 முறையில் 15 பைட்டுகளாகின்றது. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்திற்கு 160 எழுத்துகள் இடம்பெற, ஒருங்குறிக்கு 70 குறியிடங்களே கிடைத்தன. 'வணக்கம்' என்பதற்கே ஏழு செலவாயிற்று. இவ்வகைக் காரணங்களைக் காட்டி முன்வைக்கப்பட்ட கோரிக்கையைக் கூட்டமைப்பு நிலைத்தன்மைக் கொள்கையைச் சுட்டி ஏற்கவில்லை.

இங்குக் கொரிய மொழியின் வரலாறு ஒப்பிடத்தக்கது. 1996இல் வெளிவந்த ஒருங்குறி இரண்டாம் பதிப்பில் கொரிய அசையெழுத்துகள் 11,172க்கும் தனித்தனி இடம் வழங்கப்பட்டது. அதற்கென முன்னர் வெளியிடப்பட்ட எழுத்துகளும் இடம் மாற்றப்பட்டன. இனி இத்தகைய மாற்றம் கூடாது என்னும் உறுதி அதன் பின்னரே வந்தது. கொரியம் தனி நாட்டின் மொழியாதலால் பன்னாட்டுத் தர அமைப்பில் அந்நாட்டின் குரல் ஒலித்தது. தமிழகத்திற்கு அவ்வமைப்பில் நேரடி வாக்கில்லை. இந்தியத் தர நிறுவனமே இந்திய மொழிகள் அனைத்திற்கும் பேசும் நிலை இருந்தது. கதவு திறந்திருந்த 1991 முதல் 1996 வரையிலான காலத்தில் தமிழர் தரப்பிலிருந்து ஒன்றுபட்ட கோரிக்கை எழவில்லை என்பதும் உண்மையாகும்.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசு ஒருங்குறியையும், அது இயலாதவிடத்து டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரப்பாடுகளாக ஆணையிட்டது. டேஸ்-16, ஒருங்குறியில் எவரும் தம் தேவைக்குப் பயன்படுத்தத்தக்க தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியின் எழுத்துகளை எந்த நிறுவனமும் தன் கருவிகளில் ஏற்கக் கடமைப்பட்டதன்று. ஆகவே அது பொது வழக்கில் பரவவில்லை.

கிரந்தச் சிக்கல் உணர்த்துவது

அதே 2010இல் கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் இடம் கோரும் முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளைச் சேர்க்கும் கருத்து இடம்பெற்றது. இதற்குத் தமிழறிஞரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. முதல்வர் மு. கருணாநிதி நடுவண் அரசுக்கு எழுதினார், முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2014இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அவ்வைந்து எழுத்துகளும் இன்றியே கிரந்தம் இடம்பெற்றது. 2019இல் தமிழ்ப் பின்னங்களும் பழைய அளவைக் குறியீடுகளும் தனிக் கட்டத்தில் சேர்க்கப்பட்டன. உரிய காலத்தில் சான்றுகளோடு கலந்துகொண்டால் கூட்டமைப்பின் முடிவைச் செம்மையாக்க இயலும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

குறியேற்றச் சிக்கல் தணிந்தபின் கட்டுப்பாடு கருவிக்கு இடம்பெயர்ந்தது. கணினியில் பயனர் தாமே எழுத்துருவை நிறுவ இயன்றது. கைப்பேசியில் நிறுவனம் இசைந்தால்தான் எழுத இயன்றது. ஐபோனில் பிறர் உருவாக்கிய விசைப்பலகைக்கு 2014இல்தான் இசைவு கிடைத்தது. இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகள் இந்திய மொழிகளை ஏற்க வேண்டும் என நடுவண் அரசு ஆணையிட்டது 2016இல்தான்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கணினியில் தமிழ் அடைந்த இடர்ப்பாடுகளுக்கு மூன்று காரணங்களைத் தொகுத்துரைக்கலாம். மொழிக்குரியோரைக் கலவாது நடுவண் அரசு வகுத்த பொதுத் தரப்பாடு முதலாவது; சந்தை அளவை நோக்கிய நிறுவனங்களின் காலத்தாழ்வு இரண்டாவது; தமிழர்தம் தரப்பாட்டுப் பிளவு மூன்றாவது. குறைகள் உளவாயினும் இன்று ஒருங்குறியே தமிழை உலகெங்கும் இணைக்கும் பொது மேடையாக உள்ளது. அதனை மறுப்பதினும், அதற்குள் தமிழின் அகரவரிசையையும் தேடல் விதிகளையும் நிலைநாட்டுவதே பயன்தரும். எட்டு பிட்டு எழுத்துருக்களில் சிக்கியுள்ள ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு மாற்றிக் காக்கும் பணி பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளின் உடனடிக் கடமையாகும். ஏட்டுச் சுவடிகளைக் கரையான் அரித்த காலத்தில் உ.வே.சாமிநாதையர் ஊர்தோறும் சென்று தேடினார். இக்காலச் சுவடிகள் நெகிழ்வட்டிலும் குறுந்தகட்டிலும் உள்ளன. அவற்றின் ஆயுள் ஓலையினும் குறைவு.