கள்ளுக்கடைப் பண்டு

மலேசியாவில், ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் இடையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். மாரியம்மன் திருவிழாவுக்கு மேளம் வரும், பையன்களுக்குப் பந்து விளையாடத் திடல் உண்டு. இரண்டுக்கும் காசு கள்ளுக்கடைப் பண்டில் இருந்துதான் வந்தது என்பார் அப்பா. திடலில் பாதி தன்னுடையது என்பதுபோல் ஒரு பெருமையோடு சொல்வார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள் கள்ளுக்கடை வைக்க அரசாங்கம் உரிமம் கொடுத்தது. கடையை நிர்வாகமே நடத்தியது. லாபம் ஒரு பண்டில் சேர்ந்து, தொழிலாளர் நலன் என்ற பெயரில் திரும்பி வந்தது. சம்பளம் கொடுப்பதும் ஆபீசு, அதைக் கள்ளாக்கித் திருப்பி வாங்குவதும் ஆபீசு, மிச்சத்தில் சாமிக்கு மேளம் வைப்பதும் ஆபீசு. இப்படி ஒரு வட்டத்தை யோசித்தவனை மெச்சத்தான் வேண்டும்.

கடை என்றால் பலகைக் கொட்டகை, நடுவில் கம்பி வலை. பால் நிறுத்துப் போட்டு, குளித்து, மூன்று மணிக்கு மேல் ஆண்கள் போய்ச் சேருவார்கள். தென்னங்கள்ளு பொறுமை இல்லாத சரக்கு. காலையில் இறக்கியது மதியத்துக்குள் நுரைத்துவிடும், மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். அதனால் வந்தது அன்றைக்கே தீர வேண்டும். அப்பா மங்குக் கோப்பையை வாயருகே கொண்டுபோய், நுரையில் மிதக்கும் ஈயை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்பார். அந்த ஊதும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. சீருடை போட்டு அணிவகுத்த இளைஞர்கள் கடை வாசலை மறித்தார்கள், குடித்தவனைப் பிடித்துத் தண்டித்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங் பக்கம் போலீசோடு மோதல் மூண்டு உயிர்ச்சேதமும் ஆனது. அவர்கள் வீரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிடிபட்டுத் திட்டு வாங்கிய குடிகாரன் அன்று ராத்திரி என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஆள்தான் நானும்.

என் காலத்தில் கள்ளின் இடத்தைச் சம்சு என்ற சாராயம் பிடித்துக்கொண்டது. கள்ளில் போதை நூற்றுக்கு நாலைந்து பங்குதான். சம்சுவில் அது பல மடங்கு. சட்டைப் பைக்குள் அடங்கும் குட்டிப் போத்தல், விலையோ மலிவு. 700 மில்லிக்குக் குறைந்த போத்தலில் இந்தச் சரக்கை விற்கக் கூடாது என்ற விதி 2017 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. என் கூட்டாளிகளில் பலர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நிறுத்த எங்களுக்குத் தெரிந்த வழி சத்தியம். முனியாண்டி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அதே முனியாண்டிக்குப் படையலில் சுருட்டோடு சம்சுவும் இருக்கும்! மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டேன். 49ஆம் நாள், விட்டதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் குடிப்பேன்.

தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் சிரம்பானுக்கு வந்தேன். 2008இல் ஒரு நர்ஸ், "அண்ணே, கோலாலம்பூர்ல ஒரு கூட்டம் நடக்குது, மருந்து கிடையாது, பேசுவாங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி ஒரு தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலில் போனேன். மாதா கோயிலின் பின்னறை, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். பேசியது முழுக்க ஆங்கிலம்; பாதி புரியவில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடிகாரர்கள், ஒருவருக்கொருவர் பேசித் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று புரிந்தது, பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர் மலாயில் சொன்னது மட்டும்: "ஹாரி இனி சாஜா." இன்றைக்கு மட்டும். 48 நாள் கணக்குப் போட்டே பழகியவனுக்கு ஒரு நாள் கணக்கு புதுசு.

கடைசியில் ஒரு மைலோ டின் சுற்றி வந்தது. வெளியார் பணம் வாங்குவதில்லை, அவரவரால் முடிந்ததைப் போடலாம், போடாமலும் விடலாம் என்றார்கள். நன்கொடை தருகிறேன் என்று கம்பெனியே வந்தாலும் வாங்கமாட்டார்களாம். எனக்கு அப்பாவின் பண்டு ஞாபகம் வந்தது. ஒரு சில்லறைக் காசைப் போட்டேன். டின்னின் அடியில் அது விழுந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது போலிருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ரயிலும் போச்சு, பின்னறையும் போச்சு. மகள் கைப்பேசியில் சென்னைக் கூட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அங்கே ஏழு மணி என்றால் இங்கே ஒன்பதரை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒருவர் தன் மனைவியின் தாலியை அடகு வைத்த கதையைத் தமிழில் கேட்டேன். நான் பேச வேண்டிய முறை வந்ததும் மைக்கைத் திறக்கத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். அவர்களுக்கு என் வாய் அசைவது மட்டும் தெரிந்திருக்கும்.

இப்போது வியாழக்கிழமை ராத்திரி என் வீட்டு முன்னறையில் நாலு பேர் உட்காருகிறோம். இரண்டு பேர் பழைய தோட்டத்து ஆட்கள். ஒருவர் சிங்கப்பூர் மகன் வீட்டுக்குப் போனால் மூன்று பேர். மேசைமேல் மைலோ டின் உண்டு; காப்பித்தூள் தீர்ந்தால் அதிலிருந்து எடுத்து வாங்குகிறோம்.