பொதுக் கணினி வந்த வழி



பொதுக் கிணற்றில் நீர் இறைப்பவர் வாளியைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருபவருக்கும் தாகம் உண்டல்லவா? பொதுக் கணினியின் வரலாறும் இதையே சொல்கிறது.

1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து அலையின் உயரத்தைப் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியைத் தொட்டவர் ஒருவர். பயன் பெற்றது ஊர் முழுவதும்!

1999-இல் டில்லி கல்காஜியில், சுகதா மித்ரா என்பவர் தம் அலுவலகச் சுவரைத் துளைத்து, குடிசைப் பிள்ளைகள் பக்கம் ஒரு கணினியை வைத்தார். வாத்தியார் கிடையாது. பிள்ளைங்க தாங்களாகவே பழகிக்கொண்டதைக் கண்டு உலகம் வியந்தது. ஆனால், பின்னர் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், பெரிய பையன்களே கணினியைப் பிடித்துக்கொண்டதையும் எழுதினார்கள்.

நம் வட்டாரமும் இதில் பின்தங்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் அரசாங்கம் கிராம இணைய மையங்களைத் தொடங்கியபோது, அதன் தொடக்க இடங்களில் ஒன்று நம் சபாக் பெர்ணம் மாவட்டத்துச் சுங்கை ஆயர் தாவார். அந்த மையங்கள் போஸ்டாபிஸ்களில் அமைந்தன.

பலர் தொடும் கணினியில் ஒருவர் அமைப்பை மாற்றுவார். இன்னொருவர் தம் கடவுச்சொல்லை விட்டுப் போவார். இதற்கு வழியாக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2005-இல் ஒரு கருவித் தொகுப்பை வெளியிட்டது. 2007-இல் அது ‘ஸ்டெடிஸ்டேட்’ எனப் பெயர் மாறியது. அதைக்கொண்டு, கணினியை அடைத்துத் திறந்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி செய்யலாம். 2010-இன் முடிவில் அது நிறுத்தப்பட்டது. 2013-இல் விண்டோஸ் 8.1-இல் ஒரே செயலியை மட்டும் திறந்து வைக்கும் வசதி வந்தது. 2017-இல் விண்டோஸ் 10, நாம் தேர்ந்தெடுக்கும் பல செயலிகளுக்கும் அதை விரித்தது. இதுவே ‘கியோஸ்க்’ முறை. ஆசிரியருக்கு நிர்வாகக் கணக்கு, மாணவருக்கு வேறு கணக்கு. மாணவர் நுழைந்தால் அகராதி, கணக்குப் பயிற்சி என நாம் வைத்தவை மட்டுமே தெரியும். விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பில் இவ்வசதி இல்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டும்.

ஆனால், எதைத் திறப்பது என்று தீர்மானிப்பது யார்? கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது; ஆனால் என்ன பாடம், எது வரை என்று நம் பாட்டன்மாரை யாரும் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று மற்றவர்களே முடிவு செய்தார்கள்.

அந்த நிலை கணினியிலும் வந்துவிடலாகாது. திறந்த செயலிகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டுவோம். பெற்றோரும் ஆசிரியரும் கூடிப் பேசி, பிள்ளை வளர வளரப் பட்டியலையும் வளர்ப்போம். பூட்டு தானாக முறை வைக்காது. யாருக்கு எப்போது என்ற பெயர் வரிசையும் வேண்டும். பூட்டுவது பிள்ளையை அல்ல, அடுத்த பிள்ளையின் பங்கைக் காக்கத்தான் பூட்டுகிறோம். சாவி நம் கையில் இருக்கட்டும்!