தண்டனை தகுதியான கதை

பொதுவாக லைசென்ஸ் கேட்டுப் போனால், உங்கள் மீது வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் 2017-ல் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. கஞ்சா வியாபாரத்துக்கு லைசென்ஸ் கேட்டு வருபவர், முன்பு கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றதற்கான நீதிமன்ற ஆவணத்தைக் காட்டினால் அது அவருக்குச் சாதகம். பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவிய ‘ஈக்விட்டி லைசென்ஸ்’, அதாவது சமநீதி உரிமம், பிறந்தது இப்படித்தான். ஆனால் கதையை அதற்கும் எண்பது ஆண்டுகள் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

1937-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மரிவானா வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. பெயரளவில் அது தடைச் சட்டம் அல்ல. விளைவிக்கலாம், விற்கலாம், வரித்துறையில் பதிவு செய்துகொண்டு வரி கட்டினால் போதும். பதிவு பெறாத ஒருவருக்குக் கைமாற்றினால் மட்டும் அவுன்சுக்கு, அதாவது சுமார் 28 கிராமுக்கு, 100 டாலர் வரி. அன்றைய ஆலைத் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். யாரும் கட்ட முடியாதபடி விதிக்கப்பட்ட வரி அது. அக்டோபர் 1-ம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. சில நாட்களிலேயே டென்வர் நகரில் சாமுவேல் கால்ட்வெல் என்பவர் வரி கட்டாமல் கஞ்சா விற்றதாகப் பிடிபட்டார். அவருக்கு 4 ஆண்டு சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

சரி, ஒழுங்காக விண்ணப்பித்து வரி கட்டியிருந்தால்? அங்கேதான் பொறி. வரித்துறைக்குக் கொடுக்கும் தகவல் மாநிலப் போலீசுக்கும் கிடைக்கும். மாநிலச் சட்டங்களிலோ கஞ்சா வைத்திருப்பதே குற்றம். ஆக, விண்ணப்பமே வாக்குமூலம். இந்த முரண்பாட்டை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர், ஹார்வர்டில் உளவியல் ஆய்வாளராக இருந்த திமோதி லியரி. மெக்சிகோ எல்லையில் கஞ்சாவுடன் சிக்கி, 30 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றிருந்தார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சாசன உரிமையை அவர் முன்வைத்தார். 1969-ல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வரிச் சட்டம் முடங்கியது. மறு ஆண்டே வந்த புதிய சட்டம், பதிவு, வரி என்ற பாசாங்குகளை விட்டுவிட்டு, கஞ்சாவை மிகக் கடுமையான போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது.

மாற்றம் மாநிலங்களிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் 1996 நவம்பர் 5 அன்று நடந்த வாக்கெடுப்பில், நோயாளிகள் கஞ்சா பயன்படுத்த மக்கள் அனுமதி தந்தார்கள். கொலராடோ மக்கள் 2012-ல், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயது வந்தவர்கள் வாங்கலாம் என்று வாக்களித்தார்கள். 2014 ஜனவரி 1 காலை, கால்ட்வெல் பிடிபட்ட அதே டென்வரில் கடைகள் சட்டப்படி திறந்தன.

கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்கள் யார் என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. போதைப்பொருள் வழக்கில் பெரிய தண்டனை பெற்றவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்பது பல இடங்களில் விதியாக இருந்தது. 2013-ல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) வெளியிட்ட ஆய்வு, கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.73 மடங்கு அதிகம் என்றது. சட்டவிரோதமாக இருந்தபோது சிறைக்குப் போனவர் ஒருவர். சட்டபூர்வமானதும் லாபம் பார்ப்பவர் இன்னொருவர்.

ஓக்லாந்து தன் கணக்கையும் எடுத்துப் பார்த்தது. 2015-ல் அந்நகரில் கஞ்சா வழக்குகளில் கைதானவர்களில் 77 சதவீதம் கறுப்பர், 4 சதவீதம் வெள்ளையர். நகர மக்கள்தொகையில் இரு தரப்பும் தலா 30 சதவீத அளவில்தான் இருந்தன. இந்த எண்களை வைத்துக்கொண்டுதான் நகர மன்றம் விதியை எழுதியது. தொடக்கக் கட்டத்தில் உரிமங்களில் பாதி ஈக்விட்டி விண்ணப்பதாரர்களுக்கு. அவர்கள் ஓக்லாந்துவாசிகளாகவும், நகரின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்காதவர்களாகவும் இருக்க வேண்டும். அத்துடன் 1996 நவம்பர் 5-க்குப் பிறகு அந்நகரில் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றிருக்க வேண்டும். அல்லது கைதுகள் மிகுந்த 21 போலீஸ் சரகங்களில், கடந்த 20 ஆண்டில் 10 ஆண்டாவது குடியிருந்திருக்க வேண்டும்.

ஏழைக்கு லைசென்ஸ் கிடைத்தால் முதல் எங்கிருந்து வரும்? மத்தியச் சட்டத்தில் கஞ்சா குற்றம் என்பதால் வங்கிகள் கடன் தர அஞ்சின. கடை வாடகை, ஊழியர் சம்பளம் போன்ற செலவுகளை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் 1982-ம் ஆண்டின் ஒரு வரிச் சட்டப் பிரிவு வழிவிடவில்லை. எனவே நகரம் இன்னொரு ஏற்பாடு செய்தது. வசதியுள்ள விண்ணப்பதாரர், ஈக்விட்டிக்காரர் ஒருவருக்கு குறைந்தது 1,000 சதுர அடி இடத்தை மூன்றாண்டுகள் வாடகையின்றித் தந்தால், அவருடைய விண்ணப்பத்துக்கு முன்னுரிமை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நம் ஊரில் பெட்ரோல் பங்க் ஒதுக்கீட்டையும் டெண்டரையும் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. ஈக்விட்டிக்காரர் பெயரில் லைசென்ஸ், பணம் போட்டவர் கையில் வியாபாரம் என்ற பினாமி ஏற்பாடுகள் பற்றிய புகார்கள், இத்திட்டம் போன இடமெல்லாம் எழுந்தன.

நியூயார்க் 2022-ல் தன் முதல் சில்லறைக் கடைகளுக்கு விண்ணப்பம் வாங்கியபோது விதியை மேலும் இறுக்கியது. விண்ணப்பிப்பவர் அல்லது அவருடைய நெருங்கிய குடும்பத்தார் அம்மாநிலத்தில் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றிருக்க வேண்டும்; அவரே குறைந்தது இரண்டாண்டுகள் லாபத்தில் ஓடிய ஒரு தொழிலில் பங்கும் வைத்திருக்க வேண்டும். நவம்பரில் முதல் 36 உரிமங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் 8 தொண்டு நிறுவனங்களுக்கு. டிசம்பர் 29 அன்று மன்ஹாட்டனில் திறந்த முதல் கடையும், எச்ஐவி நோயாளிகளுக்காகப் பாடுபடும் ஹவுசிங் வொர்க்ஸ் என்ற தொண்டு நிறுவனத்துடையதே. தனிநபர்கள் பலர் இடம் பிடிக்கவும் முதல் திரட்டவும் அலைந்தார்கள். இதற்கிடையில் நீதிமன்றத் தடைகளும் குறுக்கே வந்தன.

பழைய தண்டனையைத் தகுதியாக்க ஒரு நகர மன்றத்தின் தீர்மானம் போதுமாக இருந்தது. அந்தத் தகுதியைக் கடையாக்க முதலும் காலமும் வேண்டியிருந்தன. அவை எந்த விண்ணப்பப் படிவத்திலும் இல்லை. கையில் தண்டனைச் சான்றோடு விண்ணப்பதாரர்கள் காத்திருந்த அதே மாதங்களில், லைசென்ஸ் என்ற பேச்சே இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் நியூயார்க் நகரத் தெருக்களில் பட்டப்பகலில் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தன.