வக்கதோரி: ஒரு பெயரும் அதைச் சூட்டியவரின் உரிமையும்

பாரன் கியோதாகே ஷிகெனோவை (1882–1924) வரலாறு போர் விமானியாகவே நினைவில் வைத்திருக்கிறது. பிரெஞ்சு அந்நியர் படையில் சேர்ந்து, பின்னர் நாரைச் சின்னம் தாங்கிய ஸ்பா 26 அணியில் பறந்த ஜப்பானியப் பிரபு என்னும் சித்திரம் வலுவானது. அவர் வீழ்த்தியவை ஆறு விமானங்களா, உறுதிசெய்யப்பட்ட இரண்டு மட்டுமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அந்த வழக்கு இங்கு வேண்டாம். முதல் உலகப் போருக்கு இரண்டாண்டு முன்னர், 1912இல், பிரான்ஸில் அவர் வடிவமைத்த விமானமே இக்கட்டுரையின் பொருள். அதை ‘வக்கதோரி’ என்றழைத்தார். ஷிகெனோவை விமானம் கட்டியவராகக் கொள்ளலாமா, விமானத்துக்குப் பணம் கொடுத்த செல்வந்தராக மட்டும் கொள்ள வேண்டுமா என்ற கேள்விக்கு இப்பெயரின் வாசிப்பு பெருமளவு விடை தருகிறது என்று கருதுகிறேன். பெயரை வைத்து மட்டும் எதையும் நிறுவிவிட முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஜப்பானிய மொழியில் ‘வக்க’ இளமையைக் குறிக்கும்; ‘தோரி’ பறவை. தனியே நிற்கும்போது வல்லொலியாக இருக்கும் ‘தோரி’யின் முதல் மெய், தொகைச்சொல்லின் நடுவில் மெலிகிறது. சொல்லிடையில் வல்லினம் மெலிந்தொலிப்பதற்குப் பழகிய நம் காதுக்கு இது புதிதல்ல. ஆக, ‘இளம்பறவை’. மேலைநாட்டு நூல்கள் தந்த பொருள் இதுதான். பலவும் இத்தோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் 1910இல் இறந்த ஷிகெனோவின் மனைவியின் பெயர் வக்கக்கோ. கணவர் பறக்கவிட்ட விமானத்தின் பெயரில் அவருடைய பெயரின் முதற்பகுதி அப்படியே ஒலிக்கிறது. மொழிபெயர்த்த கணமே மனைவி மறைந்துவிடுகிறார். ஒலியைக் காப்பாற்றினால் திரும்பி வருகிறார். பின்வந்த ஆய்வாளர்கள் அவரை மீட்டெடுத்தது சரியான திருத்தம். என் கருத்துவேறுபாடு அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. மனைவியை மீட்டவர்கள், விமானத்தை ஒரு நினைவுச்சின்னமாக மாற்றிவிட்டார்கள். டோக்கியோ இசைப் பள்ளியில் பயின்ற மென்மனத்தவர், துணையை இழந்து, இசை கற்கப் போவதாகச் சொல்லி பிரான்ஸுக்குக் கப்பலேறினார், துயரம் அவரை வானத்துக்கு ஏற்றியது என்று கதை அமைகிறது. அதில் விமானம் கட்டப்படுவதில்லை. கண்ணீரிலிருந்து தானாக முளைக்கிறது.

இந்த வாசிப்பின் பிழை, காணிக்கையைக் காரணமாகக் கொள்வது. ஒரு நூலைத் தாய்க்குக் காணிக்கையாக்கிய ஆசிரியர் தாயின் பொருட்டே இலக்கணம் கற்றார் என்று எவரும் வாதிடுவதில்லை. நூல் தம்முடையது என்பதாலேயே காணிக்கையாக்கும் உரிமை அவருக்கு வருகிறது. வக்கதோரியையும் அப்படித்தான் பார்க்கிறேன். பெயர் இருமடிப் பொருள் கொண்டது: ஏதும் அறியாத பார்வையாளருக்கு அது இளம்பறவை, அறிந்தவருக்கு வக்கக்கோவின் பறவை. இரண்டும் ஒரே ஒலிக்குள் இயல்பாகப் பொருந்த வேண்டுமானால், பெயரிட்டவர் சொல்லை எடைபோட்டுத் தேர்ந்திருக்க வேண்டும். மற்றவர் செய்து முடித்த பொருளில் ஒட்டிய பட்டயமாக அதைக் கொள்வது எனக்குக் கடினமாக இருக்கிறது. காலவரிசையும் இதற்கு இடங்கொடுக்கிறது. அவர் பிரெஞ்சு விமானி உரிமம் பெற்றதும் வக்கதோரி பறந்ததும் 1912ஆம் ஆண்டின் முதற்பாதியிலேயே. பறக்கக் கற்பதும் விமானத்தை வகுப்பதும் ஏறத்தாழ ஒருங்கே நடந்திருக்கின்றன. ஊர்விட்டு ஊர் போனதற்குத் துயரம் காரணமாகலாம். இறக்கையின் பரப்பையும் எஞ்சினின் இருப்பிடத்தையும் துயரம் தீர்மானிக்காது.

எதிர்வாதங்களில் கனமானது சார்ல் ரூ பற்றியது. விமானத்தை உருவாக்குவதில் இந்தப் பிரெஞ்சுக்காரரின் கை உண்டு. ஆகவே அது பிரெஞ்சு விமானம், ஷிகெனோ அதன் உரிமையாளர் மட்டுமே என்பர். ரூவின் பங்கைக் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் இதே அளவுகோலை மற்றவர்மீது யாரும் வைப்பதில்லை. பாரிஸில் வாழ்ந்த பிரேசில் நாட்டவர் சாண்டோஸ்-டூமோன்; அவருடைய ‘டெமுவசெல்’ விமானங்களைக் கிளெமான்-பயார் தொழிற்சாலை கட்டி விற்றது. அதனால் அதன் கர்த்தா அவர் அல்லர் என்று எழுதிய வரலாற்றாசிரியரை நான் கண்டதில்லை. 1911 மே 5 அன்று டோக்கொரோசாவாவில் பறந்த நராஹாரா சாஞ்சியின் விமானத்தை ஜப்பானில் கட்டியதென்று தயங்காமல் சொல்கிறோம். அதைத் தூக்கியது பிரான்ஸிலிருந்து வந்த நோம் எஞ்சின். எஞ்சின் பிரெஞ்சாக இருக்கலாம், உதவியாளர் பிரெஞ்சாக இருக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? பிரபு என்பதால் கைவேலை செய்திருக்க மாட்டார் என்ற வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. அது சான்றல்ல, முன்முடிவு. 1910 டிசம்பர் 19 அன்று டோக்கியோவின் யோயோகியில் ஜப்பானிய ராணுவ அதிகாரிகளான தொக்குகாவாவும் ஹீனோவும் ஓட்டியவை ஃபார்மான், கிராடே நிறுவனங்களிடம் வாங்கிய விமானங்கள். வாங்கிப் பறப்பது எளிய வழியாகத் திறந்துகிடந்தபோது ஷிகெனோ வேறு வழியில் போனார் என்பதே கவனிக்க வேண்டியது. கட்டிய விமானத்தை 1912இலேயே ஜப்பானுக்குக் கொண்டுசென்றார், அங்கு ராணுவத்தாருக்குப் பறத்தல் கற்பிக்கும் பணி ஏற்றார், அது நிலைக்கவில்லை, 1914இல் மீண்டும் பிரான்ஸ்.

இன்னொரு எதிர்வாதம் என் வாதத்தின் வேரையே தொடுகிறது. போரில் அவர் ஓட்டிய ஸ்பாட் விமானமும் வக்கதோரி என்றே அழைக்கப்பட்டது. அது தொழிற்சாலையில் செய்தது, பிரெஞ்சு ராணுவத்தின் உடைமை. அதற்கும் அதே பெயர் என்றால், பெயரிடுதல் படைப்புரிமைக்கு அடையாளம் என்பது எப்படி நிற்கும்? அக்கால விமானிகள் தம் பொறிகளுக்குச் சொந்தப் பெயர் இடுவது வழக்கம். பிரெஞ்சுப் போர் விமானி கினமேரின் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ‘வியூ ஷார்ல்’ என்ற ஒரே பெயரைத் தாங்கின. எனவே ஸ்பாட்டில் அமைந்த பெயர் தன்னளவில் படைப்புரிமை எதையும் கோரவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் இரண்டாம் முறை சூட்டும்போது ஒரு பெயர் முதல்முறையின் நினைவையும் சுமக்கிறது. 1910இல் ‘வக்க’ என்ற ஒலிக்குப் பின்னால் ஒரு பெண் மட்டுமே இருந்தார். ஸ்பாட்டுக்கு அப்பெயர் வந்தபோது, பிரான்ஸில் வடிவம் பெற்றுக் கடல் கடந்துபோன ஒரு விமானமும் அவரோடு இருந்தது.